அணுவுக்கு எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்று யார் சொன்னது?

கேள்வி இது: "உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, அலோகம் வாங்க விரும்புகிறது, எட்டு நிறைந்ததும் இரண்டும் நிம்மதியாகின்றன என்று பள்ளியில் படித்தேன். உயிரில்லாத அணுவுக்கு விருப்பம் எங்கிருந்து வரும்? எட்டு என்று அதற்கு யார் சொன்னது? தனிமங்கள் உண்மையில் ஏன் சேர்ந்து சேர்மமாகின்றன?"

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அணுக்கள் ஏன் சேர்கின்றன என்பது ஒன்று. ஏன் குறிப்பிட்ட ஒரு கணக்கில் மட்டும் சேர்கின்றன, சோடியம் ஒரு குளோரினோடு நிற்கும்போது மெக்னீசியம் ஏன் இரண்டு குளோரினைப் பிடிக்கிறது என்பது மற்றொன்று. பல வருடங்கள் வேதியியல் வகுப்பும் ஆய்வகமும் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. "கொடுக்க விரும்புகிறது" என்பதை நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மனப்பாடத்துக்கு அது உதவும். ஆனால் காரணம் என்று எடுத்துக்கொண்டால் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சோடியத்தையே எடுத்துக்கொள்வோம். தனியாக நிற்கும் ஒரு சோடியம் அணு தன் எலக்ட்ரானைச் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை, நாம்தான் பிடுங்க வேண்டும். ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஒரு நிலையான பெரிய எண்ணிக்கை), சோடியத்தில் 23 கிராம், அதிலிருந்து அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணு அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது ஆற்றல் வெளியே வருவது உண்மைதான், ஆனால் வருவது 349 கிலோஜூல் மட்டுமே. கணக்கைப் பார்த்தால் 147 கிலோஜூல் நஷ்டம். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் எட்டு நிறைந்துவிட்டது, அப்படியும் மொத்தத்தில் கையைக் கடிக்கிறது. எட்டு நிறைவதுதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு நேர்மாறாக வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் நஷ்டத்தை ஈடுகட்டுவது எது? நேர்மின் சுமைக்கும் எதிர்மின் சுமைக்கும் இடையிலான ஈர்ப்பு. எலக்ட்ரான் கைமாறியதும் சோடியம் நேர் அயனி, குளோரின் எதிர் அயனி. இரண்டும் நெருங்க நெருங்க ஆற்றல் வெளியே வருகிறது. கூலும் விதியை வைத்துப் போட்டுப் பார்த்தால், இடைவெளி ஏறக்குறைய 0.94 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும்போதே அந்த 147 கிலோஜூல் திரும்பி வந்துவிடும். உப்புப் படிகத்தில் அடுத்தடுத்த அயனிகளின் இடைவெளி 0.28 நானோமீட்டர்தான், எனவே லாபம் இன்னும் பெரிது. அதுவும் அங்கே ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்ற ஜோடிக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், முப்பரிமாணத்திலும் அடுக்கு அடுக்காக. அயனிகள் இப்படிக் கூட்டமாக உட்காரும்போது வெளிவருவதைத்தான் படிகக்கூடு ஆற்றல் என்கிறோம். உப்புக்கு அது மோலுக்கு 787 கிலோஜூல்.

இப்போது முழு வரவு செலவையும் போடலாம். சோடியத்தை உலோகக் கட்டியிலிருந்து தனித்தனி அணுவாக்க 107. குளோரின் மூலக்கூறைப் பிளந்து தேவையான அணுக்களை எடுக்க 122. எலக்ட்ரானைப் பிடுங்க 496. ஆகச் செலவு 725. வரவு 349 கூட்டல் 787, அதாவது 1136. கையில் மிஞ்சுவது 411 கிலோஜூல். ஆய்வகத்தில் சோடியத்தைக் குளோரினில் எரித்து அளந்தாலும் இதே 411 வரும். முதன்முதலில் இதைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. சோடியமோ குளோரினோ தனித்தனியாக எதையும் "அடையவில்லை". மொத்தக் கூட்டமும் முன்பைவிடக் குறைந்த ஆற்றலில் போய் உட்கார்ந்தது, மிச்சம் வெப்பமாகவும் ஒளியாகவும் வெளியேறியது.

சரி, அப்படியானால் எட்டு எங்கிருந்து வந்தது? உங்கள் இரண்டாவது கேள்வியின் பதில் இங்கேதான் இருக்கிறது. சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 என்றேன். இரண்டாவதைப் பிடுங்க எவ்வளவு தெரியுமா? 4562. ஒன்பது மடங்குக்கும் மேல். முதல் எலக்ட்ரான் வெளிக்கூட்டில் தனியாக இருந்தது, உட்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பைப் பெருமளவு மறைத்திருந்தன. இரண்டாவது எலக்ட்ரான் அந்த உட்கூட்டிலேயே இருப்பது. கருவுக்கு அருகில் இருக்கிறது, மறைப்பும் குறைவு, பிடி பலமடங்கு இறுக்கம். ஒரு சோடியத்துக்கு இரண்டு குளோரின் கொண்ட உப்பு ஒன்று இருந்தால் அதன் படிகக்கூடு ஆற்றல் 2500 கிலோஜூல் அளவில் இருக்கும் என்று கணக்கிடலாம். 4562 செலவுக்கு அது எந்த மூலைக்கு? அதனால்தான் அந்த உப்பு இல்லை. மெக்னீசியத்தில் நிலைமை வேறு. முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதுக்கு 1451, சேர்த்தால் 2189. படிகம் தரும் 2500 சொச்சம் இதைத் தாங்கும். மூன்றாவது எலக்ட்ரானுக்கு 7733, அதைத் தாங்காது. ஆகவே மெக்னீசியம் இரண்டோடு நிற்கிறது. பாடப்புத்தகம் சொல்லும் இணைதிறன், அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்பு போடும் என்ற எண், இப்படிக் கட்டுப்படியாவதற்கும் ஆகாததற்கும் இடையில் விழும் கோடு.

எட்டு என்ற எண்ணும் இதிலிருந்து விழுவதுதான். இந்தத் தனிமங்களின் வெளிக்கூட்டில் கோள வடிவ ஆர்பிட்டால் (எலக்ட்ரான் உலவும் பகுதி) ஒன்று, டம்பெல் வடிவ ஆர்பிட்டால்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான். நாலிரண்டு எட்டு. அவை நிறைந்தபின் அடுத்த எலக்ட்ரான் வெகு தூரத்தில் உட்கார வேண்டும், உள்ளிருந்து ஒன்றை எடுப்பதும் மிகவும் விலை உயர்ந்தது. எட்டு என்பது அணுக்கள் ஓடிச் சேரும் இலக்கு என்று சொல்வதைவிட, விலை திடீரென்று எகிறும் எல்லை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இவ்வளவும் எலக்ட்ரான் கைமாறும் சேர்மங்களைப் பற்றியது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேரும்போது யார் யாருக்குக் கொடுப்பது? இரண்டும் ஒரே மாதிரி. 1916இல் வேதியியலாளர் லூயிஸ் சொன்ன விடை, அவை ஓர் எலக்ட்ரான் ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன என்பது. சகப்பிணைப்பு என்று நாம் படிப்பது அதுதான். பொதுவில் வைத்தால் ஏன் ஆற்றல் குறைய வேண்டும் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. 1927இல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கணக்கிட்ட பிறகுதான் அது தெளிவானது. இரண்டு கருக்களும் 0.074 நானோமீட்டர் இடைவெளிக்கு வரும்போது ஆற்றல் அடிமட்டத்தைத் தொடுகிறது, இன்னும் நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். இந்த எண்களில் எந்தச் சந்தேகமும் கிடையாது, கணக்கும் அளவீடும் மிக நுட்பமாக ஒத்துப்போகின்றன.

சந்தேகம் வருவது அதை வார்த்தையில் விளக்கும்போது. "இரண்டு கருக்களுக்கும் நடுவே எலக்ட்ரான் வந்து இரண்டையும் பிடித்து வைக்கிறது" என்பது வழக்கமான விளக்கம். நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். ஆனால் எலக்ட்ரானுக்கு நடமாட இடம் விரிவதால் அதன் இயக்க ஆற்றல் குறைவதே பிணைப்பின் வேர் என்று காட்டும் ஆய்வுகள் 1960களிலிருந்து உண்டு. எதை வேர் என்பது, எதைக் கிளை என்பது என்ற விவாதம் இன்றும் வேதியியல் இதழ்களில் நடக்கிறது. ஆற்றல் குறைகிறது என்பது உறுதி. எந்தப் பகுதி குறைவதால் என்று ஒரே வரியில் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

அப்புறம், அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று இரண்டு பெட்டி வைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போடும் பழக்கம். வேதியியலாளர் பாலிங் 1932இல் எலக்ட்ரான் கவர்தன்மைக்கு, அதாவது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனுக்கு, ஓர் அளவுகோல் கொடுத்தார். அதில் சோடியம் 0.9, ஹைட்ரஜன் 2.2, குளோரின் 3.2, ஃபுளூரின் 4.0. இரண்டு தனிமங்களுக்கும் வித்தியாசம் 1.7க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு என்று தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். அந்த 1.7 வசதிக்காகப் போட்ட கோடு, இயற்கை போட்டதல்ல. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.8. ஆனால் அது 20 டிகிரி செல்சியஸுக்குச் சற்று முன்பே கொதித்து ஆவியாகிவிடும் மூலக்கூறுப் பொருள். சோடியம் ஹைட்ரைடில் வித்தியாசம் வெறும் 1.3, ஆனால் அது சாதாரண உப்பைப் போலவே அடுக்கிய அயனிப் படிகம். இரண்டு பிணைப்புகளும் ஒரே சாலையின் இரண்டு முனைகள். பெரும்பாலான சேர்மங்கள் நடுவில் எங்கோ நிற்கின்றன.

அணுவின் அளவு எப்படி விளையாடுகிறது என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. கார்பனும் சிலிக்கானும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொகுதி, மேலும் கீழும் அண்டை வீடு. இரண்டும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் ஆக்சிஜனோடு சேர்கின்றன. ஒன்று நாம் மூச்சில் வெளிவிடும் வாயு, மற்றொன்று மணலும் குவார்ட்ஸும். கார்பன் சிறிய அணு. ஆக்சிஜனோடு பக்கவாட்டிலும் நன்றாக ஒட்டி இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொள்ளும், மூன்று அணுவோடு மூலக்கூறு முடிந்துவிடும். சிலிக்கான் பெரிது, அந்தப் பக்கவாட்டு ஒட்டல் அதற்குப் பலவீனம். ஆகவே நான்கு ஆக்சிஜனோடு நான்கு ஒற்றைப் பிணைப்பு போடுகிறது, ஒவ்வொரு ஆக்சிஜனும் அடுத்த சிலிக்கானோடு கைகோக்கிறது, வலை முடிவதே இல்லை. உருக்க 1600 டிகிரிக்கு மேல் வேண்டும். சேர்மத்தின் குணம் என்ன தனிமம், எத்தனை அணு என்பதோடு முடியாமல், எப்படி அடுக்கப்பட்டது என்பது வரை போகிறது.

ஆய்வகப் பக்கம் வருகிறேன். கலவைக்கும் சேர்மத்துக்கும் வித்தியாசம் காட்ட 7 கிராம் இரும்புத் தூளையும் 4 கிராம் கந்தகத் தூளையும் கலப்போம். காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியாக ஏறி வரும், மஞ்சள் தூள் தங்கிவிடும். அதே கலவையைச் சோதனைக் குழாயில் போட்டு அடியில் பர்னரைக் காட்டுங்கள். ஒரு மூலையில் செந்தணல் தெரிந்ததும் பர்னரை எடுத்துவிடலாம். தணல் தானாகவே குழாய் முழுக்க ஊர்ந்து போகும். அந்த ஊர்தலைப் பார்க்கும்போது மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெளியிலிருந்து வெப்பம் இல்லாமலே அது பரவுகிறது என்றால், சேரும்போது வெளியாகும் ஆற்றல் அடுத்த அடுக்கைப் பற்ற வைக்கப் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். குழாய் ஆறியபின் உள்ளே கருத்த கட்டி. காந்தத்தில் பொதுவாக ஒட்டாது. கொஞ்சம் ஒட்டினால் வினைபுரியாத இரும்பு மிஞ்சியிருக்கிறது.

இந்த 7க்கு 4 ஏதோ ஊகமாக எடுத்த அளவல்ல. இரும்பு அணுவின் நிறை 56, கந்தகத்தின் நிறை 32, அதன் விகிதமே 7க்கு 4. மெக்னீசியம் நாடாவில் இதை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். 0.24 கிராம் நாடாவைக் குரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) வைத்து மூடி, சூடேற்றி, அவ்வப்போது மூடியை லேசாகத் தூக்கிக் காற்றை விட்டால் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும். கணக்குப்படி 0.40 கிராம் இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு 0.37தான் வந்தது. குறிப்பேட்டில் 0.40 என்று திருத்தியிருந்தாள். கணக்குத் தப்பில்லை, அவள் அளந்ததும் தப்பில்லை என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. மூடியைத் தூக்கும்போது கொஞ்சம் வெண்புகை பறந்திருக்கும். அதோடு, காற்றில் முக்கால் பங்கு நைட்ரஜன். சூடான மெக்னீசியம் அதையும் விடாது, மெக்னீசியம் நைட்ரைடு கொஞ்சம் உருவாகும். அதன் எடை கணக்கைவிடக் குறைவு. ஆறிய சாம்பலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சூடேற்றச் சொன்னேன். அம்மோனியா நெடி லேசாக வந்தது. அந்த நெடிதான் நைட்ரைடு இருந்ததற்குச் சாட்சி. அடுத்த எடை 0.39. திருத்திய எண்ணை அவளே அடித்துவிட்டு இரண்டு எடைகளையும் எழுதினாள்.

ஒரு சேர்மத்தில் தனிமங்களின் எடை விகிதம் எப்போதும் மாறாது என்ற இந்த நிலையான விகித விதியை ஆரம்பத்தில் வாதாடி நிறுவியவர் வேதியியலாளர் ப்ரூஸ்ட். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருக்கும் இன்னொரு வேதியியலாளரான பெர்தோலேவுக்கும் பெரிய தர்க்கம் நடந்தது. விகிதம் சூழ்நிலையைப் பொறுத்து மாறலாம் என்பது பெர்தோலேவின் கட்சி. ப்ரூஸ்ட் வென்றார், டால்டனின் அணுக்கொள்கை அதற்கு அடித்தளம் போட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரும்பு ஆக்சைடு ஒன்றில் நூறு ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 95 இரும்புதான் இருக்கும், தயாரிக்கும் வெப்பநிலையைப் பொறுத்து அந்த எண் மாறவும் செய்யும். படிகத்தில் சில இரும்பு இடங்கள் காலி, அதை ஈடுகட்ட வேறு சில இரும்பு அயனிகள் கூடுதல் சுமையோடு நிற்கின்றன. வாயுக்களுக்கும் திரவங்களுக்கும் ப்ரூஸ்ட் சொன்னது அப்படியே செல்லும். திண்ம ஆக்சைடுகளிலும் சல்ஃபைடுகளிலும் பெர்தோலேவுக்கும் ஓரிடம் உண்டு.

எட்டு எலக்ட்ரான் விதிக்கும் இதே கதி. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் நான்குக்கும் அது அருமையாகப் பொருந்தும், உயிர் வேதியியலின் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும். வெளியே வந்தால் தளர்கிறது. போரான் டிரைஃபுளூரைடில் போரானுக்கு ஆறுதான். அந்த நான்குக்குள்ளேயே கூட விலக்கு உண்டு: நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த நைட்ரிக் ஆக்சைடில் மொத்த எலக்ட்ரானே ஒற்றைப்படை, எப்படிப் பங்கிட்டாலும் எல்லோருக்கும் எட்டு வராது. மந்த வாயுக்கள் எட்டு நிறைந்தவை, ஆகவே எதோடும் சேரா என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1962இல் நீல் பார்ட்லெட் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கவனித்தார். மந்த வாயுவான செனானின் அயனியாக்கும் ஆற்றலும் (எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவு) ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்று என்பது அட்டவணையில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் செனானை எடுத்துச் சேர்த்துப் பார்த்தார், மஞ்சள் நிறத் திண்மம் உருவானது. அது அவர் முதலில் எழுதிய எளிய சேர்மம்தானா, பல பொருள்களின் கலவையா என்பதில் பின்னால் திருத்தம் வந்தது. செனான் சேரும் என்பதில் திருத்தம் வரவில்லை. அதே ஆண்டிலேயே செனான் ஃபுளூரைடுகள் தயாராகிவிட்டன. அவர் நம்பியது எட்டை அல்ல, கட்டுப்படியாகுமா என்ற கணக்கை.

சூழ்நிலை மாறினால் கணக்கும் மாறும். சோடியம் குளோரைடு என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று இவ்வளவு நேரம் சொன்னேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஒரு சோடியத்துக்கு மூன்று குளோரின், மூன்று சோடியத்துக்கு ஒரு குளோரின் என்ற சேர்மங்களையும் உருவாக்கிக் காட்டினார்கள். நசுக்கும் அழுத்தத்தில் இடம் சேமிப்பதும் லாபமாகிவிடுகிறது. நாம் படித்த விதிகள் நாம் வாழும் அழுத்தத்தின் விதிகள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆற்றல் குறையும் என்றால் உடனே சேரும் என்று அர்த்தம் இல்லை. இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் நீராவியானால் சுமார் 480 கிலோஜூல் லாபம், ஆனாலும் இரண்டையும் கலந்து அறை வெப்பநிலையில் வைத்தால் ஆண்டுக் கணக்கில் சும்மா இருக்கும். புதுப் பிணைப்பு போட முதலில் பழைய பிணைப்புகள் தளர வேண்டும், அந்த முன்பணத்தைத் தருவது தீப்பொறி. நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல். காற்றில் ஆக்சிஜனோடு பக்கத்தில் இருந்தும் நைட்ரஜன் அமைதியாக இருப்பதற்கு அது பெரிய காரணம். பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வரும் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. உடைக்க எப்போதும் செலவு, சேரும்போதுதான் வரவு.

சோடியத்தின் சீற்றமும் குளோரினின் நச்சும் உப்பில் எங்கே போயின என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை. சீறியது வெளிக்கூட்டு எலக்ட்ரானை வைத்திருந்த சோடியம் அணு, உப்பில் இருப்பது அந்த எலக்ட்ரான் இல்லாத அயனி. இரண்டும் வேதியியலில் வேறு ஆட்கள். பழையபடி வேண்டுமென்றால் எடுக்கவும் முடியும். உப்பை உருக்க 801 டிகிரி வேண்டும். தொழிற்சாலையில் கால்சியம் குளோரைடு சேர்த்து அதை 600 டிகிரி அளவுக்கு இறக்கி, மின்சாரம் செலுத்துகிறார்கள். ஒரு பக்கம் குளோரின் குமிழி, மறுபக்கம் உருகிய சோடியம் மிதந்து வரும். மோலுக்கு 411 கிலோஜூல் வெப்பமாகப் போனதல்லவா, குறைந்தது அவ்வளவையாவது மின்சாரமாகவும் வெப்பமாகவும் திருப்பிக் கட்டினால்தான் அந்தச் சோடியம் கைக்கு வரும்.